பிரிவு பதினான்கு: கறிக்கு மீன்

முள்ளிமுனைக் கரைவலைச் சங்கத்துக்கு நாற்பத்தொரு வயது. அந்த நாற்பத்தொரு வருடமும் அதற்கு ஒரு யாப்பு இல்லை என்பது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. கடிதம் வந்த பிறகுதான் எல்லோருக்கும் வெட்கமாகப் போயிற்று.

கரையோரச் சங்கங்கள் சீராக்கல் பிரிவிலிருந்து வந்த கடிதம் அது. சங்கத்தின் யாப்பை மூன்று பிரதிகளில் அனுப்பிவைக்குமாறும், தவறினால் சங்கத்துக்கு ஒதுக்கிய பெரிய ஐஸ் பெட்டி வேறு சங்கத்துக்குப் போய்விடும் என்றும் அதில் இருந்தது. தலைவர் முஸம்மில் இரண்டு வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. செயலாளர் ஸப்ராஸைக் கொண்டு அதை இரண்டு தரம் வாசிக்கச் செய்தார்.

"யாப்பு எண்டா என்ன தம்பி?"

"சங்கம் எப்படி நடக்கணும் எண்டு எழுதி வெச்சிருக்கிற சட்டம், சம்மாட்டி."

"எப்படி நடக்கணும் எண்டு எனக்குத் தெரியுமே."

"அதத்தான் மூணு பிரதி கேக்கிறாங்க."

இந்தப் பேச்சு நடந்தபோது நஸீம் கொஞ்சம் தள்ளி வலைக்கயிற்றின் வால்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐஸ் பெட்டி என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. நல்ல விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாமே முதலில் நல்ல விஷயமாகத்தான் தெரியும். அதற்காக அவர் வாழ்க்கையில் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

கரைவலை என்பது ஒன்றிரண்டு ஆள் வேலை அல்ல. தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டு வர, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டும். கடைசியில் மீன் நிறைந்த வலைப்பையான மடி மணலில் வந்து சாயும். மடி கரை தொடுவதற்கு முன் கயிற்றில் கை வைத்த எவருக்கும் கறிக்கு மீன் உண்டு. அதுதான் முள்ளிமுனை வழக்கம். கூலிக்காரருக்குக் கூலி தனி, இது வேறு. எவ்வளவு இழுத்தாய், எந்த ஊர், யாருடைய மகன் என்ற கேள்வி கிடையாது. கை வைத்தாயா, சரி, பையைக் கொண்டு வா.

நஸீமுக்கு ஆறு வருடமாக அந்தக் கை வைப்பதுதான் தொழில். கரையேற்றிய தோணி ஒன்று அவர் மேல் சரிந்து முதுகெலும்பு நசுங்கியது. தேநீர்க் கேத்தலை விடப் பாரமான எதையும் இனித் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். நஸீம் டொக்டரின் பேச்சைத் தட்டவில்லை. தினமும் காலையில் வந்து கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பின்னால் நடந்தால் அவரும் பின்னால் நடந்தார். கூர்ந்து பார்த்தால் நஸீம் கயிற்றை இழுக்கவில்லை, கயிறுதான் நஸீமை இழுத்துக்கொண்டு போனது. ஆனால் கூர்ந்து பார்ப்பது அந்தக் கரையில் வழக்கமில்லை.

வீட்டில் றம்லா தேங்காயைத் துருவி, பிழிந்து, பாலை மூடி வைத்துவிட்டுத்தான் புருஷனை அனுப்புவாள். மீன் வருமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சூரியன் வருமா என்று கேட்கிறோமா என்ன.

அந்த வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் நஸீமே ஒத்துக்கொள்ள மாட்டார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு துணி மூட்டையோடு வந்தபோது அவருக்கு இருபத்துநாலு வயது. யாருடைய கயிற்றுக்கு முன்னால் நிற்கலாம், எந்த வெள்ளிக்கிழமை யாருடைய வலை என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. எழுதாத சட்டத்தை வாசிக்க முடியாது; மிதித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். நஸீம் மூன்று வருடம் மிதித்து, மூன்று வருடம் ஏச்சு வாங்கி, அதைப் பாடமாக்கினார்.

டிசம்பரில் சீராக்கல் பிரிவின் அதிகாரி கிளைட்டன் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வந்தார். சிலாபத்துக்காரர், தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர், இஸ்திரி கலையாத மனிதர். வலைக் கொட்டிலில் கதிரை போட்டிருந்தார்கள். திரையில் படம் காட்டக் கருவி கொண்டுவந்திருந்தார். கொட்டிலில் மின்சாரம் இல்லாததால் படங்களை வாயாலேயே காட்டினார்.

"உலகத்தில யாப்பு ரெண்டு வகை. ஒண்டு தொகுக்கப்பட்டது, மற்றது தொகுக்கப்படாதது. தொகுக்கப்பட்டது எண்டா எல்லாம் ஒரே புத்தகத்தில இருக்கும். அமெரிக்கா அப்படி, இந்தியா அப்படி, நம்மட நாடும் அப்படி. தொகுக்கப்படாததுக்கு உதாரணம் இங்கிலாந்து. அங்க சட்டம் ஒரு பக்கம், தீர்ப்பு ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம் கிடக்கும்."

"அப்ப எழுதாத யாப்பு," என்றான் ரஸாக். முன்கயிற்றில் முதல் ஆளாக நின்று இழுப்பவன், வாயும் அப்படியே.

"எழுதாதது எண்டு சொல்லக்கூடாது. எழுதினது நிறைய இருக்கு. ஒண்டாக் கட்டல்ல. இப்ப உங்கட சங்கமும் இங்கிலாந்து மாதிரித்தான்."

முஸம்மில் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தலைவர், அது பெருமைப்படுற விஷயமில்ல."

"அப்ப இங்கிலாந்துக்கும் ஐஸ் பெட்டி கிடைக்காதா சேர்?" என்றான் ரஸாக்.

"இங்கிலாந்து எங்கட பிரிவுக்குள்ள வராது." கிளைட்டன் சிரிக்காமல் சொன்னார். "முக்கியமான வித்தியாசத்தக் கேளுங்க. தொகுக்காத யாப்ப சாதாரணமா மாத்தலாம். இண்டைக்கு ஒரு வழக்கம், நாளைக்கு ஒரு வழக்கம். எழுதித் தொகுத்தா அப்படி ஏலாது. மூணில ரெண்டு பங்கு ஆள் சம்மதிக்கணும். ஒருத்தரும் தன்ட வசதிக்கு மாத்த ஏலாது."

இதைக் கேட்டு நாலைந்து பேர் சம்மாட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். போன வருடம் அவருடைய மச்சினனின் வலைக்குத் திடீரென்று வெள்ளிக்கிழமை வலை போடும் முறை கிடைத்தது. அது பரம்பரை பரம்பரையாக உள்ள வழக்கம் என்று சம்மாட்டி சொன்னார். மச்சினன் வலை வாங்கியே அப்போது எட்டு மாதம். ஆகவே கூட்டத்தில் எழுத்துக்கு ஆதரவு பெருகியது. நஸீமும் தலையாட்டினார். நியாயம்தானே, மூன்று வருட ஏச்சு அவருக்குத்தான் தெரியும்.

"நம்மட நாட்டு யாப்ப எத்தின தரம் மாத்தியிருக்கு சேர்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அது மாத்தினதில்ல. திருத்தினது. இருபதுக்கு மேல." கிளைட்டன் கொஞ்சம் யோசித்தார். "சுதந்திரத்துக்குப் பிறகு ரெண்டு தரம் முழுசாப் புதுசாவும் எழுதியாச்சு. அதெல்லாம் ஒழுங்கு முறைப்படி. எழுதியிருந்தபடியாத்தானே எத்தின தரம் எண்டு எண்ணக் கூடியதா இருக்கு."

அன்றைக்கே ஒரு குழு போட்டார்கள்.

தலைவர் முஸம்மில், செயலாளர் ஸப்ராஸ், பொருளாளர் முபாரிஸ் மூவரும் யாப்பு வரைவுக் குழு ஆனார்கள். ஸப்ராஸ் சட்டப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். விட்ட இடத்திலிருந்து தொடங்க அவனுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. குழு பதினொரு தடவை கூடியது. அதில் நாலு தடவை பதினான்காம் பிரிவுக்கே போயிற்று. தலைப்பு: கறிக்கு மீன்.

'இழுத்தல்' என்பதைக் கடலுக்கு எதிர்த்திசையில் உடற்பலத்தைப் பிரயோகித்தல் என்று வரையறுத்தார்கள். அதில் சண்டை வரவில்லை. 'கறி' என்றால் என்ன என்பதில் வந்தது. சூடை மீன் என்றால் எத்தனை, பாரை என்றால் எத்தனை துண்டு, வீட்டில் எத்தனை வாய். பொரியல் கறியாகுமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்குப் போய், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆகாது என்று தீர்ந்தது. பொரியல் பிரியரான முபாரிஸ் தன் மாற்றுக் கருத்தை ஒரு தனித்தாளில் எழுதி இணைத்தார்.

பிறகு ஸப்ராஸ் பேனையை மூடினான். "நஸீம் நானாவ எதில போடுறது?"

முஸம்மில் கொட்டில் வாசல் வழியே கயிறு கிடந்த பக்கம் பார்த்தார்.

"அவருக்குக் குடுக்கிறது எண்டு எழுதிப் போடு," என்றார் முஸம்மில்.

"ஒரு ஆள்ட பேர யாப்பில எழுத ஏலாது சம்மாட்டி. சட்டம் பொதுவா இருக்கணும்."

"அப்ப பொதுவா எழுது. கயிறு பிடிச்சவருக்கு மீன். முன்னம் இருந்த மாதிரி."

"அப்படி எழுதினா நாளைக்கு ஐநூறு பேர் வந்து கயிற்றத் தொட்டுட்டு நிப்பான். சட்டத்தில எழுதியிருக்கு எண்டு கேப்பான். என்ன செய்வீங்க?"

நாற்பத்தொரு வருடத்தில் அந்த ஐநூறு பேர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் மூவருக்கும் அவர்கள் கண்முன்னே வரிசையாக நிற்பது போலத் தெரிந்தது. இப்படியாக, இதுவரை வராத ஐநூறு பேருக்காக யாப்பு எழுதப்பட்டது. தினமும் வந்த ஒருவர் அதில் விடுபட்டுப் போனார்.

யாப்பு பெப்ரவரியில் ஏகமனதாக நிறைவேறியது. நஸீமும் கை தூக்கினார். நாற்பத்தாறு பக்கத்தை யாரும் வாசிக்கவில்லை. அட்டை அழகாக இருந்தது. ஒரு கிழமையில் ஐஸ் பெட்டியும் வந்தது. நீல நிறம், ஒரு ஆள் படுக்கலாம். யாப்பின் மூலப்பிரதியை ஈரம் புகாத, பூட்டக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும் என்று மூன்றாம் பிரிவு சொன்னது. கரையில் கொட்டில் ஒழுகியது. கொட்டிலில் இருந்த அலுமாரி அதைவிட ஒழுகியது. ஈரம் புகாமல், பூட்டோடு அந்தக் கரையில் இருந்த ஒரே பொருள் ஐஸ் பெட்டிதான். யாப்பு அதற்குள் போயிற்று. ஐஸ் போட்டால் நனைந்துவிடும் என்பதால் ஐஸ் போடவில்லை. மீன் முன்போலவே வெளியே வெயிலில் கிடந்தது. திறப்பு முபாரிஸின் இடுப்பில் தொங்கியது.

மறுநாள் காலை நஸீம் கயிற்று வாலுக்குப் போனபோது ஸப்ராஸ் பதிவேட்டோடு நின்றான். அவன் முகம் மணலைப் பார்த்தபடி இருந்தது.

"நானா, ஒரு பத்தடி தள்ளி நிண்டுக்கோங்க."

"ஏன் தம்பி, தோணி ஏத்துறாங்களா?"

"இல்ல. நீங்க இப்ப பார்வையாளர். பிரிவு பதினாலு, உபபிரிவு ஐந்து. ஆறு மணிக்குள்ள பதிஞ்சு, இழுவைச் சான்று எடுத்த ஆக்கள் மட்டும்தான் கயிறு பிடிக்கலாம்."

"சான்று யாரு தாற?"

"நான்தான் தாற. நீங்க இழுக்கிறீங்க எண்டு நான் கண்ணால பாக்கணும்." ஸப்ராஸின் குரல் இறங்கியது. "என்னப் பாக்க வெக்காதீங்க நானா."

நஸீம் பத்தடி தள்ளி நின்றார். அங்கேயிருந்து பார்க்கும்போது கயிறு மிகவும் நீளமாக இருந்தது. மடி வந்தது, பங்கு நடந்தது, பை மடித்தபடியே அவர் கையில் இருந்தது.

வீட்டில் றம்லா பையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"வலை வரல்லயா?"

"வந்திச்சு. நான்தான் பார்வையாளராகிட்டன்."

"அது பெரிய பதவியா?"

"பத்தடி பெரிசு."

அவள் பாலை மூடியிருந்த தட்டைத் திறந்து, திரும்ப மூடினாள். அன்றைக்குப் பாண் துண்டுகளைத் தேங்காய்ப்பாலில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அவள் தேங்காயைப் பிழியாமல் வைத்திருந்தாள். அவர் வெறும் பையோடு வந்ததும் அதையே சம்பலாக இடித்தாள்.

மூன்றாம் நாள் முஸம்மில், ரஸாக்கிடம் ஒரு பை மீனைக் கொடுத்து அனுப்பினார். பதவியில் உள்ளவர் உறுப்பினருக்கு அன்பளிப்புக் கொடுத்தால் அது இலஞ்சம் என்று பதினேழாம் பிரிவில் அவரே சொல்லி எழுத வைத்திருந்தார். அதனால் பையை ரஸாக் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"இது என்ன ரஸாக், சதகாவா?"

"மீன் நானா. சும்மா மீன்."

"ஆறு வருஷம் கயிறு பிடிச்சுத்தான் திண்டன். ஏலாதவனுக்குக் குடுக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லல்ல, நானும் சொல்லல்ல. இப்ப நீ சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டு வாற. கொண்டு போ. சம்மாட்டிக்கு ஸலாம் சொல்லு."

ரஸாக் போன பிறகு றம்லா சம்பல் இடித்தாள். அதில் அன்றைக்கு உறைப்பு அதிகம்.

யாப்பைத் திருத்துவோம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் வேண்டும், சங்கத்தின் அறுபத்துமூன்று பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நாற்பத்திரண்டு பேர், நேரில் வந்து கை தூக்க வேண்டும். இருபத்தொரு நாள் சம்பல் தின்றார்கள். கூட்டத்துக்கு முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். மற்றவர்கள் களப்பில் இறாலுக்கும், வெளியூர்க் கலியாணங்களுக்கும் போயிருந்தார்கள். வந்த முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு கைகளையும் தூக்கினார்கள். எழுபத்தாறு கைகளை ஸப்ராஸ் எண்ணி, வருத்தத்தோடு இரண்டால் வகுத்தான். ஊரில் ஒருவரும் நஸீமை எதிர்க்கவில்லை. யாப்பு ஒன்றுதான் எதிர்த்தது.

கிளைட்டனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் சந்தோஷப்பட்டார். "பாத்தீங்களா, எவ்வளவு உறுதியான யாப்பு. நாலு பேர் குறைஞ்சதுக்கே அசையல்ல. மற்றச் சங்கங்களுக்கு உங்களத்தான் உதாரணம் சொல்லப் போறன்."

மார்ச் மாதத்தில் ஒரு காலை. சூடை மீன் கூட்டமாகக் கரைக்கு வந்திருந்தது. அந்தப் பருவத்திலேயே பெரிய மீன்பாடு. வலை பாதி வந்ததும் நீரோட்டம் மாறி வடக்குப் பக்கம் இழுக்கத் தொடங்கியது. வலப்பக்கக் கயிற்றில் பதிந்த ஆட்கள் பதினான்கு பேர். அவர்களுடைய குதிகால்கள் மணலில் கோடு போட்டுக்கொண்டு கடலை நோக்கிப் போயின. பத்தடி தள்ளி முப்பது பேர் பார்வையாளராக நின்றார்கள். ஆறு மணிக்குப் பிந்தி வந்தவர்கள், தூக்கம் கலைந்து வந்தவர்கள், அவர்களோடு நஸீம்.

"பிடிங்கடா," என்று முஸம்மில் கத்தினார்.

"பதியல்ல சம்மாட்டி," என்றான் ஒருவன். "எந்தப் பிரிவில பிடிக்கிற?"

முஸம்மில் ஸப்ராஸைப் பார்த்தார். ஸப்ராஸ் வேகமாக நினைவுபடுத்தினான். "பிரிவு இருபத்திரண்டு. அவசர நிலை. தலைவர் எழுத்தில கட்டளை குடுக்கலாம்."

"கொண்டா, எழுதுறன்."

"மூலப்பிரதியில பிரிவச் சரிபாத்து எழுதணும் எண்டு இருக்கு. மூலப்பிரதி பெட்டிக்குள்ள."

"பெட்டியத் திற."

"திறப்பு முபாரிஸ் நானாட்ட. அவர் தில்லையடிக்குக் கலியாணத்துக்குப் போயிட்டார்."

முஸம்மில் நீலப் பெட்டியைப் பார்த்தார். நாற்பத்தொரு வருடம் தன் வாயில் இருந்த ஒன்று அதற்குள் பூட்டிக் கிடப்பதை அப்போதுதான் கண்டவர் போல நின்றார். "நான் சொன்னா நடக்கும்," என்றார், மெதுவாக. பழக்கதோஷம்.

"முந்தி நடந்திச்சு," என்று கயிற்றிலிருந்து ரஸாக் மூச்சு வாங்கச் சொன்னான். "இப்ப ஒழுங்கா ஒரு யாப்பு இருக்கு. கை விடப் போறன், எல்லாரும் தள்ளி நில்லுங்க."

விட்டால் வலை போகும். வலையோடு அந்தப் பருவமும் போகும்.

நஸீம் பையை மடித்து இடுப்பில் செருகினார். பத்தடியும் நடந்து வந்து, தன் பழைய இடத்தில், கயிற்றின் வாலைப் பிடித்தார். வேறெதுவும் செய்யவில்லை. முதுகு இடம் தரவில்லை. கடலுக்கு எதிர்த்திசையில் அவர் பிரயோகித்த உடற்பலம் ஒரு தேநீர்க் கேத்தல் அளவுதான் இருக்கும்.

ஸப்ராஸ் பார்த்தான். பார்த்துவிட்டு, பதிவேட்டை மணலில் வைத்து, வந்து நஸீமுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தான். அதற்குப் பிறகு பார்வையாளர் என்று கரையில் ஒருவரும் இருக்கவில்லை.

மடி வந்து சாய்ந்தபோது மணல் வெள்ளியாகக் கிடந்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. பழையபடி பைகள் நீண்டன. முஸம்மில் நஸீமின் பையில் இரண்டு கை சூடை அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த பைக்கு நகர்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூர்ந்து பார்க்காமல் இருப்பது அவருக்கு மறந்துபோகவில்லை.

ஸப்ராஸ் பதிவேட்டில் மணலைத் தட்டினான். மீன் வாங்கிய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'எந்தப் பிரிவின் கீழ்' என்று ஒரு நிரல் இருந்தது. பேனையைக் கடித்தான். பிறகு 'வழக்கப்படி' என்று எழுதினான். அதற்குக் கீழே கடைசிப் பெயர் வரை 'மேற்படி' போட்டான்.

அதற்குப் பிறகு பருவம் முடியும் வரை அந்த நிரலில் வேறு சொல் வரவில்லை. யாப்பு பெட்டிக்குள் நனையாமல் இருந்தது. நஸீம் வாலில் இருந்தார். றம்லா திரும்பவும் பாலைப் பிழிந்து மூடி வைத்தாள். சம்பல் உரலைக் கழுவிக் கவிழ்த்தாள்.

தென்மேற்குக் கச்சான் காற்று எழும்பி, வலைகளைக் காயப்போடும் நேரத்தில் பதிவேட்டைப் பரிசீலித்த சீராக்கல் பிரிவிலிருந்து அடுத்த கடிதம் வந்தது. சங்கத்தின் முன்னேற்றத்தைப் பாராட்டியிருந்தார்கள். பதிவேட்டில் திரும்பத் திரும்பக் குறிப்பிடப்படும் 'வழக்கம்' தங்கள் கோப்பில் காணப்படவில்லை என்றும், அதை மூன்று பிரதிகளில் அனுப்பிவைக்குமாறும் கேட்டிருந்தார்கள்.

நஸீம் வீட்டுக்கு வந்து படிக்கல்லில் முதுகைச் சாய்த்து மெதுவாக உட்கார்ந்தார்.

"என்னவாம்?" என்றாள் றம்லா.

"வழக்கத்த எழுதி அனுப்பட்டாம்."

"எத்தின பிரதி?"

"மூணு."

 றம்லா தேங்காயை எடுத்து, கத்தியின் முதுகால் தட்டி உடைத்தாள். ஒரு பாதியை மீன் ஆணத்துக்குப் பால் பிழியவென்று துருவத் தொடங்கினாள். மறுபாதியை, கழுவிக் கவிழ்த்திருந்த சம்பல் உரலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.